இருமக் கூடாத மண்டபம்

மாலை நாலு மணி. நம் ஊர் ஜனவரியில் நாலு மணி என்றால் இருட்டுதான். கிராக்கோவிலிருந்து தெற்கே, மலையேறும் சாலை. இரண்டு பக்கமும் ஊசியிலை மரங்கள். முன்னால் ஒரு வண்டி இல்லை... பின்னால் ஒரு வண்டி இல்லை. விழுந்த பனி இறுகிக் கிடந்தது. சக்கரத்துக்கு அடியில் அது நொறுங்கும் சத்தம் மட்டும். கர்ர்ரக்... கர்ர்ரக்...

வண்டியை ஓட்டியவள் மாலினா. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள், இப்போது மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். பக்கத்து இருக்கையில் அவளுடைய சித்தி மகள் யாக்னா. இருபத்திரண்டு வயது, பியானோ வாசிக்கிற பெண். நடந்தது இவளுக்குத்தான். எனக்குச் சொன்னவள் மாலினா. அவள் பொய் சொல்லுகிற ரகம் இல்லை. கதை கட்டிச் சொல்லவும் அவளுக்கு வராது.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். மெழுகுவத்தி ஒன்றுதான் இருக்கிறது, கரண்ட் எப்போது வருமோ. நீங்கள் எல்லோரும் பியானோ படிக்கிற பிள்ளைகள், அதனால் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். யாக்னா அன்றைக்கு வாசித்த சொனாட்டா எது என்று மட்டும் கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன். சொன்னால், நாளைக்கு அதை வாசிக்கும்போது இந்த ராத்திரி உங்களுக்கு ஞாபகம் வரும். ஞாபகம் வந்தால் கை தடுமாறும். தடுமாறினால்... சரி, அதைத்தான் சொல்லப் போகிறேன்.

ஷோபின் காலத்து இசை. நடுவில் நிறுத்தமே இல்லாமல் ஒரே வீச்சில் போகிற நீளமான சொனாட்டா. அதில் ஒரு இடம் இருக்கிறது. ஒரே மெட்டு இரண்டு தடவை வரும். இரண்டு தடவையும் சேர்ந்து ஒலிக்கிற ஒரே சுரக்கட்டில் வந்து நிற்கும். முதல் தடவை அங்கிருந்து கை மேல் பக்கம் போக வேண்டும், போனால் பாட்டு வளரும். இரண்டாவது தடவை கீழ்ப் பக்கம் போக வேண்டும், போனால் முடிவுக்கு வழி திறக்கும். இரண்டாவது தடவையும் மறந்துபோய் மேலே போனீர்களோ, தொலைந்தது. வந்த வழியே மறுபடி சுற்றி அதே இடத்துக்கு வந்து நிற்பீர்கள். மனப்பாடமாக வாசிக்கிற எல்லோருக்கும் இந்தப் பயம் உண்டு. நாங்கள் அந்த இடத்துக்கு முச்சந்தி என்று பெயர் வைத்திருந்தோம். சிரிக்காதே ஸ்லாவெக், உனக்கும் அது நடந்திருக்கிறது, போன மாதம் நான் கேட்டேன்.

யாக்னாவுக்கு அது நடந்தது ஒரு பெரிய போட்டியின் கடைசிச் சுற்றில். முச்சந்தியில் மேலே போனாள். சுற்றி வந்தாள். மறுபடி மேலே போனாள். மூன்றாவது தடவை கையை மடியில் வைத்துவிட்டு எழுந்து வெளியே நடந்துவிட்டாள். ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு வருஷம், ஒரு கச்சேரிக்கும் அவளை யாரும் கூப்பிடவில்லை. சொல்லிக்கொடுத்த பேராசிரியர் தெருவில் பார்த்தால் கடிகாரத்தைப் பார்ப்பார். பொரோவினா என்ற மலை ஊரிலிருந்து இந்த ஒரு அழைப்பு வந்தது, அவ்வளவுதான்.

"முட்டி மேல விரலை ஓட்டி வாசிக்காதடி," என்றாள் மாலினா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "எல்லாத்தையும் முட்டிக்கே வாசிச்சுக் காட்டிட்டா, அங்க போய் என்னத்த வாசிப்பே?"

"விரல் விறைச்சுப் போவுது மாலி."

"சூப் குடி. பிளாஸ்க்ல இருக்கு. எங்கம்மா வெச்ச புளிச்ச மாவு சூப்பு, முட்டை கூட போட்டிருக்கு."

"வயித்துல நிக்காது."

"அப்போ சும்மா இரு. ஆட்டப் பாட்டு ஏதாவது, வால்ஸ் வாசி, மசூர்கா வாசி. ஊர்க்காரங்க கைதட்டுவாங்க. அந்தப் பீடையை மட்டும் தொடாத."

யாக்னா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இன்னைக்கு அதை வாசிப்பேன்," என்றாள். "ஆளுங்க முன்னாடி ஒரே ஒரு தடவை அதோட முடிவுக்குப் போயிட்டா எனக்குப் போதும். போக முடியலைன்னா பியானோவை வித்துட்டு உன் கடையிலயே வந்து மாத்திரை எண்ணுறேன்."

"எங்க கடையில எண்ணத் தெரிஞ்சவங்களைத்தான் சேர்ப்பாங்க."

அதற்குச் சிரித்தாள் யாக்னா. அந்தச் சிரிப்பை மாலினா பல தடவை என்னிடம் சொல்லியிருக்கிறாள். மூக்கால் சிரிப்பாளாம், குதிரைக் குட்டி மாதிரி.

பொரோவினா முன்பு நெஞ்சு நோய்க்காரர்கள் வந்து தங்கிய ஊர். மலைக்காற்று நுரையீரலுக்கு நல்லது என்று பணக்காரர்களை அங்கே அனுப்புவார்கள். பாதிப் பேர் திரும்பி வருவார்கள். அவர்களுக்காகக் கட்டிய கச்சேரி மண்டபம்தான் இன்னும் நிற்கிறது. மரக்கூரை. மடிப்பு நாற்காலிகள், எழுந்தால் பலகை தானாக மேலே மடிந்துகொள்ளும் வகை. வாசலில் கோட்டுகளை வாங்கி மாட்டி வைக்கிற அம்மா ஒருத்தி. பெயர் பெலாகியா. சின்ன உருவம், கம்பளிச் சால்வை, பேச்சில் மட்டும் பஞ்சமே இல்லை.

மேஜையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம், நிறைய இருமல் மிட்டாய். "எடுத்துக்கோங்க, எடுத்துக்கோங்க," என்றாள் பெலாகியா. "இங்க யாரும் இரும மாட்டாங்க. ஊர் வழக்கம்."

"எல்லா ஊர்லயும் அப்படித்தானே அம்மா?" என்றாள் மாலினா.

"மத்த ஊர்ல மரியாதைக்கு. இங்க வேற. அந்தக் காலத்து டாக்டர் ஒரு சட்டம் வெச்சிருந்தாராம். கச்சேரியில இருமினா எழுந்து கட்டிலுக்குப் போயிடணும். அப்புறம் அந்த சீசன் முழுக்கப் பாட்டு கிடையாது. பாவம், அதுங்களுக்கு இருந்த சந்தோஷமே இது ஒண்ணுதான். அதனால உசிரே போனாலும் இரும மாட்டாங்க. சில பேருக்குப் போயும் இருக்கு. பாட்டு முடிஞ்சு எல்லாரும் எழுந்தப்புறம்தான் தெரியும், இந்த ஆள் எழுந்திரிக்கலைன்னு."

யாக்னா கோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். கடைசியில் இந்தச் சொனாட்டாவை வாசிக்கப் போகிறேன், அறிவிப்புப் பலகையில் எழுதிவிடுங்கள் என்றாள். பெலாகியாவின் கை கோட்டோடு அப்படியே நின்றது.

"அது வேணாம் தங்கம்."

"ஏன்?"

"எங்கம்மாவும் இதே வேலைதான் பார்த்தா. அவ சின்னப் பொண்ணா இருந்தப்போ ஒருத்தி வந்து அதை வாசிச்சாளாம். முடியவே இல்லையாம். சுத்திச் சுத்தி அதே பாட்டு. ஊர்க்காரங்க தூங்கிட்டாங்க. விடிஞ்சு பார்த்தா... பொண்ணு பியானோ கட்டை மேல கவுந்து கிடந்தா. உடம்பு சில்லுனு இருந்துச்சு."

மாலினா யாக்னாவைப் பார்த்தாள். யாக்னா கண்ணாடியில் தலைமுடியைச் சரி செய்துகொண்டிருந்தாள். "ஒவ்வொரு மண்டபத்துலயும் ஒரு கதை வெச்சிருப்பாங்க மாலி," என்றாள். "பேய் எல்லாம் வேணாம், என் கை போதும் எனக்குப் பயப்படறதுக்கு."

இருபது பேர் வந்திருந்தார்கள். தடித்த கம்பளிச் சட்டைகள், சிவந்த மூக்குகள். எல்லோரும் முன்வரிசையில் நெருக்கி உட்கார்ந்தார்கள். மாலினா நடுவில், ஓரத்து நாற்காலியில். அவளைச் சுற்றி வரிசை வரிசையாகக் காலி.

முதல் பாதி... என்ன சொல்ல. அற்புதம். மசூர்காக்களை வாசித்தபோது ஒரு கிழவர் காலால் தாளம் போட்டார். ஒவ்வொன்று முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து இருமினார்கள், தொண்டையைச் செருமினார்கள், மிட்டாய்க் காகிதத்தைப் பிரித்தார்கள். அடுத்தது தொடங்கியதும் கப்சிப். மாலினாவுக்குப் பெருமை தாங்கவில்லை. இன்றைக்கு ஜெயித்துவிடுவாள் என்று நினைத்தாள்.

பிறகு சொனாட்டா.

முதல் தடவை முச்சந்தி வந்தது. மேலே போனாள். சரிதான், போக வேண்டியதுதான். பாட்டு வளர்ந்தது, இருண்டது, திரும்பி வந்தது. ஒரு வருஷமாக ஒரே வீட்டில் இருந்து கேட்டதில் மாலினாவுக்கு ஒவ்வொரு வளைவும் தெரியும். இரண்டாவது தடவை வந்தது. மாலினா நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்தாள். இப்போது கீழே... கீழே போடி...

மேலே போனாள்.

முன்வரிசையில் யாருக்கும் தெரியவில்லை. அவர்களுக்கு எப்படித் தெரியும்? நல்ல நீளமான பாட்டு என்று நினைத்திருப்பார்கள். யாக்னாவின் தோள் மட்டும் ஏறியது, காதைத் தொடுகிற மாதிரி. பரவாயில்லை, இன்னொரு சுற்று வரும், அப்போது பிடித்துக்கொள்வாள். நிறுத்தாமல் இருந்தாலே போதும்.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. தார் மாதிரி, புகைந்த விறகு மாதிரி, அதோடு கற்பூரம். மருந்துக் கடைக்காரிக்கு அது என்ன என்று தெரியாதா? காச நோய்க்கு அந்தக் காலத்தில் கொடுத்த மருந்து. அதை இப்போது யாரும் கலப்பதில்லை. ஒரே ஒரு தடவை, படிக்கிற காலத்தில், ஒரு பழைய சீசாவைத் திறந்து மோந்திருக்கிறாள்.

பக்கத்து வரிசையில் ஒரு நாற்காலியின் பலகை கீழே இறங்கியிருந்தது. அதில் ஒருவர். மடியில் சாம்பல் நிறக் கம்பளி போர்த்தியிருந்தார். கதவு திறந்த சத்தம் இல்லை. குளிர் காற்றும் வரவில்லை. முன்வரிசைக்காரர்கள் இருபது பேரும் தலையைத் தொங்கப் போட்டிருந்தார்கள். தூக்கம்.

மூன்றாவது தடவை முச்சந்தி. மேலே.

இப்போது பலகைகள் இறங்கும் சத்தம் கேட்டது. மெதுவாக, பாட்டைக் கெடுக்காமல். டொக்... டொக்... டொக்... பின்னால், பக்கத்தில், மேல் மாடத்தில். எல்லோர் மடியிலும் அதே சாம்பல் கம்பளி. எல்லோர் வாயும் இறுக மூடியிருந்தது. சில பேர் கைக்குட்டையை வாயில் அழுத்திப் பிடித்திருந்தார்கள். முந்நூறு பேர் இருப்பார்கள்... மூச்சுச் சத்தம் ஒன்று இல்லை.

மாலினா எழுந்து ஓடத்தான் நினைத்தாள். அவளே சொன்னாள், மறைக்கவில்லை. ஆனால் மேடையில் யாக்னா இருக்கிறாளே. யாக்னா இப்போது தலையை மட்டும் திருப்பி, வாசித்துக்கொண்டே, அவளைப் பார்த்தாள். முகத்தில் வியர்வை தாரை தாரையாக ஓடியது. கண்ணில் ஒரே கேள்விதான். எந்தப் பக்கம் மாலி? எந்தப் பக்கம்?

பக்கத்து நாற்காலியின் பலகை இறங்கியது. ஒரு அம்மா உட்கார்ந்தாள். வெள்ளைச் சரிகைக் கழுத்துப்பட்டி. நடுத்தர வயது. கன்னம் இரண்டும் சிவப்பு, காய்ச்சல் சிவப்பு. கையை எடுத்து மாலினாவின் கை மேல் வைத்தாள். பனியில் கிடந்த இரும்பு மாதிரி இருந்ததாம்.

"நல்லா வாசிக்கிறா," என்றாள் அந்த அம்மா, உதடு அசையாமல். "உங்க தங்கச்சியா?"

மாலினாவுக்குத் தொண்டை வறண்டு, உள்ளே கரகரவென்று அரிக்க ஆரம்பித்தது.

"இருமிடாதீங்க கண்ணு. போன தடவை அந்தப் பொண்ணு எங்களுக்காக எவ்வளவு காலம் வாசிச்சா தெரியுமா? இன்னும் வாசிச்சுக்கிட்டுத்தான் இருக்கா. ஆனா பாவம், களைச்சுப் போயிட்டா, சத்தமே குறைஞ்சு போச்சு. புதுசா ஒருத்தி வந்தா தேவலைன்னு இருந்தோம்."

"விடுங்க அவளை," என்றாள் மாலினா. சத்தம் வெளியே வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

"எப்படிம்மா விடறது? இது முடிஞ்சா நாங்க எல்லாரும் இருமணுமே."

அந்தக் குரலில் கோபம் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. அதுதான் மாலினாவை ரொம்பப் பயமுறுத்தியது.

மறுபடி முச்சந்தி வந்துகொண்டிருந்தது. அந்த மெட்டு, அந்த ஏற்றம், அந்தச் சுரக்கட்டு. யாக்னாவின் வலது கை மேலே எழும்பத் தொடங்கிவிட்டது. மாலினா அந்தச் சில்லிட்ட கையை உதறினாள். நெஞ்சைத் திறந்து, அடிவயிற்றிலிருந்து, தன் பலத்தை எல்லாம் கூட்டி இருமினாள். மரக்கூரையில் மோதி அது மண்டபம் முழுக்க அதிர்ந்தது.

முந்நூறு தலைகள் அவள் பக்கம் திரும்பின.

மேடையில் கை அந்தரத்தில் நின்றது. ஒரு மூச்சு நேரம். அவ்வளவுதான். பிறகு... கீழே இறங்கியது.

கீழே! மாலினாவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. முடிவுக்கு வழி திறந்துவிட்டது. இத்தனை நாள் வீட்டில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள், இவ்வளவு அழகாக ஒருநாளும் கேட்டதில்லை. ஒரே ஒரு விஷயம்தான் புதிது. இடது கை முந்திக்கொண்டு விழுந்தது. வலது கை ஒரு நூலிழை பிந்தி வந்தது. கொள்ளுத் தாத்தா காலத்து ஆட்கள் அப்படித்தான் வாசிப்பார்கள். இப்போது அப்படி வாசித்தால் உங்கள் வாத்தியார் விரலில் தட்டுவார். பதற்றத்தில் இப்படி வருகிறது போலிருக்கிறது என்று மாலினா நினைத்தாள்.

கடைசிச் சுரம். அது ஒலித்து, தேய்ந்து, அடங்கியது.

ஒரு நிமிஷம் மௌனம். அந்த மௌனத்தில்... இருமல் தொடங்கியது. முதலில் மாடத்தில் ஒன்று. பிறகு பின்னால். பிறகு எல்லாப் பக்கமும். ஆழமான இருமல், ஈரமான இருமல், நெஞ்சைக் கிழிக்கிற இருமல். எத்தனை வருஷமாக அடக்கி வைத்ததோ. மாலினா காதைப் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். நிமிர்ந்து பார்த்தபோது முன்வரிசையில் இருபது பேர் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் யாரும் இல்லை. காலி நாற்காலிகளின் பலகைகள் மட்டும் ஒவ்வொன்றாக மேலே மடிந்துகொண்டிருந்தன. டப்... டப்... டப்...

யாக்னா எழுந்து வணங்கினாள். ஒரு கையால் பாவாடையைப் பிடித்து, முழங்காலை மடக்கி, தரை வரைக்கும் தாழ்ந்து.

வாசலில் பெலாகியா அம்மா கோட்டை நீட்டினாள். யாக்னாவின் முகத்தைப் பார்த்தாள். கோட்டைக் கொடுத்ததும் கையை முந்தானை மாதிரித் தொங்கிய சால்வையில் துடைத்துக்கொண்டு, சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

மறுபடி அதே சாலை, கீழ்நோக்கி. கர்ர்ரக்... கர்ர்ரக்... மாலினாவுக்குச் சந்தோஷம் பொங்கியது.

"முடிச்சுட்டேடி! யாக்னா, முடிச்சுட்டே! நாளைக்கே அந்தப் பேராசிரியருக்குப் போன் பண்ணு. கடிகாரத்தைப் பார்த்தாருல்ல, இப்போ பார்க்கச் சொல்லு!"

யாக்னா பிளாஸ்க்கைத் திறந்து சூப் குடித்துக்கொண்டிருந்தாள். ஆறிப் போன சூப். கண்ணை மூடி, சொட்டு விடாமல், மூடியை நக்கி... பசித்தவள் குடிக்கிற மாதிரி குடித்தாள்.

"ரொம்ப நல்லா இருக்கு," என்றாள். "எவ்வளவு காலமாச்சு."

"வரும்போது வயித்துல நிக்காதுன்னே, இப்போ பாரு."

யாக்னா இரண்டு கையையும் முன்னால் நீட்டி, வண்டி விளக்கின் மங்கல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரலை விரித்தாள். மடக்கினாள்.

"கை கொஞ்சம் சின்னது," என்றாள். "பரவாயில்லை. பழகிடும். சூடா இருக்கு."

"என்னடி உளர்றே?"

"நீங்க இருமினது ரொம்ப நல்லதாப் போச்சு." மெல்லிய குரல். மரியாதையான குரல். "கதவு திறந்த மாதிரி இருந்துச்சு. உங்க தங்கச்சி மேல் பக்கமே போயிட்டாங்க, நான் கீழ்ப் பக்கம் ஓடி வந்துட்டேன். எனக்கு அப்போ யாருமே இருமலை. நானும் எத்தனை தடவை அந்த இடத்துக்கு வந்து காது கொடுத்துக் கேட்டிருப்பேன்... ஒருத்தர் கூட இருமலை."

மாலினா பிரேக்கை மிதித்தாள். வண்டி பனியில் வழுக்கி, அரை வட்டம் அடித்து, சாலைக்குக் குறுக்கே நின்றது. அவள் பக்கத்து இருக்கையைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை. ஒரு கை கியரில், ஒரு கை ஸ்டியரிங்கில். வந்த பக்கமே வண்டியைத் திருப்பினாள்.

"போங்க," என்றது அந்தக் குரல். "போய்ப் பாருங்க. நான் வண்டியிலயே இருக்கேன். அந்தப் பக்கம் மட்டும் நான் வர மாட்டேன்."

யாக்னா வில்செக்கின் பெயரைச் சுவரொட்டியில் நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பாரிசில் வாசித்தாள், டோக்கியோவில் வாசித்தாள். அந்த இடது கை முந்துவதைப் பற்றிப் பத்திரிகைக்காரர்கள் பத்தி பத்தியாக எழுதுகிறார்கள், மறைந்துபோன அழகு என்கிறார்கள். அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அதை எல்லாம் விடுங்கள். மாலினா அன்றைக்குத் திரும்பிப் போனாளே, அதைச் சொல்லி முடிக்கிறேன்.

மண்டபம் பூட்டிக் கிடந்தது. ஒரு விளக்கு இல்லை. பெலாகியா வீட்டுக்குப் போயிருந்தாள். மாலினா முழங்கால் பனியில் இறங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மேடைப் பக்கத்து ஜன்னலுக்குப் போனாள். கண்ணாடிக்கு உள்பக்கம் உறைபனி. ஒன்றும் தெரியவில்லை. காதை வைத்தாள்.

உள்ளே பியானோ.

இடது கை முந்தவில்லை. இரண்டு கையும் ஒன்றாக, சுத்தமாக, வீட்டில் காலையில் கேட்கிற மாதிரியே. யாக்னா. அந்த மெட்டு ஏறிக்கொண்டிருந்தது. முச்சந்தி நெருங்கிக்கொண்டிருந்தது.

மாலினா நெஞ்சு முழுக்கக் காற்றை இழுத்து இருமினாள். குளிர் நுரையீரலை அறுத்தது. மேல் பக்கம் போயிற்று பாட்டு. அடுத்த சுற்றுக்குக் காத்திருந்தாள். மறுபடி இருமினாள். ஜன்னலைக் கையால் அடித்தாள். "கீழடி! கீழ்ப் பக்கம் யாக்னா!" மேலே. மறுபடி. தொண்டையில் ரத்த ருசி வந்தது. விடவில்லை. உள்ளே வேகம் குறைந்தது. சுரம் ஒன்று தயங்கியது... யாரோ தன்னைக் கூப்பிடுகிறார்களா என்று வாசித்துக்கொண்டே உற்றுக் கேட்கிற மாதிரி. இதோ, முச்சந்தி. கை நின்றது. கேட்டுவிட்டது, அவளுக்குக் கேட்டுவிட்டது. மாலினா வாயைத் திறந்தாள்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம், கண்ணாடியை ஒட்டி, இருட்டில், முந்நூறு வாய்கள் ஒன்றாக,

"ஷ்ஷ்ஷ்ஷ்..."

பாட்டு மேல் பக்கம் திரும்பியது.